பதினான்காம் அத்தியாயம்: வெற்றுக் கட்டத்தில் ஓர் ஒற்றை ஸ்வரம்

பொத்தான் தேடப்போன மருமகளுக்குப் பொத்தான் கிடைக்கவில்லை என்பதைச் சென்ற வாரம் கண்டோம். தையல் இயந்திரத்தின் அடித்தட்டில், துணிக் கிழிசல்களுக்குக் கீழே, முப்பத்தாறு பக்கங்கள் கொண்ட கையெழுத்துப் பிரதி ஒன்றுதான் கிடைத்தது.

பார்த்த மாத்திரத்தில் அது எந்தப் படைப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நகரத்து வாத்தியக் குழுவின் நூலகத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்பவள் அவள். கணவனின் தாய்மாமனை ஊரே 'பெரியவர்' என்று அழைக்கிறது. அவருக்குப் பேரும் பட்டமும் வாங்கிக் கொடுத்த முதற்படைப்பு அது.

ஆனால் அந்தப் பக்கங்களில் இருந்த கையெழுத்து மாமியாருடையது.

அவள் அதைப் புரட்டியதை வாசற்படியில் நின்ற மாமியாரும் பார்த்துவிட்டார். பார்த்தும், இருவரும் படுக்கப் போகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சமையலறையில்தான் பேச்சு தொடங்கியது.

"அதை எங்கே வச்சே?"

"இருந்த இடத்துலயே வச்சுட்டேன் அத்தை."

அது பொய். பிரதி அவளுடைய கைப்பையில், குடைக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில் இருந்தது. அலுவலகத்தில் இருக்கும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அவளால் நிம்மதியாக மூச்சு விட முடியாது.

"நல்லது. இன்னைக்கு மத்தியானம் அதை அடுப்புல போட்டுடறேன்."

மருமகளின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "எதுக்கு அத்தை?"

"நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடியே எரிச்சுட்டேன்னு எங்க அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன். எத்தனை நாளைக்குத்தான் அது பொய்யாவே இருக்கும்?"

"அது உங்க எழுத்து அத்தை. உலகத்துல வேற அத்தாட்சியே கிடையாது."

"மெதுவா பேசு."

மாமியார் குளியலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். அதற்கு மேலாக, இன்று தான் நடத்தவேண்டிய அதே படைப்பை மகன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"அவன் காதுல விழுந்தா கை நடுங்கும். இன்னைக்குக் கை நடுங்கினா வேலை போச்சு. வேலை போனா இந்த வீடும் போச்சு. யார் வீடு இது, தெரியுமில்ல?"

தெரியும். வீடு பெரியவருடையது. அவர் தமக்கென்று பூட்டி வைத்திருக்கும் மாடியறையின் சாவி எப்போதும் அவருடைய சட்டைப்பையில் இருக்கும். அவருடைய எழுபதாம் பிறந்தநாள் விழாக் கச்சேரி அடுத்த வாரம். இன்றைய ஒத்திகையை மகன் நடத்த, பெரியவர் எதிரே அமர்ந்து கேட்பார். மனம் நிறைந்தால், எட்டு ஆண்டுகளாகத் 'தற்காலிக' நடத்துநராகவே இருக்கும் தங்கை மகனை நிரந்தரமாக்கும் கடிதத்தில் நாளை கையெழுத்திடுவார். நிறையாவிட்டால் என்ன செய்வார் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவர் கைதேர்ந்தவர்.

"அப்பவே உங்க பேர்லயே போட்டிக்கு அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பினேனே! உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாங்க. அனுப்புனர் பேரைப் பார்த்துட்டு, 'பெண்களுக்கு எங்களிடம் பிரிவு இல்லை'ன்னு உறைமேலயே எழுதியிருந்தாங்க. அந்த ஒரு வரியில ரெண்டு எழுத்துப் பிழை வேற."

"அப்புறம்?"

"ஒரே ஒரு தடவை தன் பேர்ல போகட்டும், ஜெயிச்சா அப்புறம் உண்மையைச் சொல்லிக்கலாம்னு அண்ணன் சொன்னார். பத்து நாள் உட்கார்ந்து தன் கையாலயே ஒரு படி எடுத்தார். ஜெயிச்சது." மாமியார் அடுப்பைத் தணித்தார். "சொல்லிக்கலாம்னாரே, அந்த நாள்தான் வரவே இல்லை."

"ரேடியோவுல அது வரும்போதெல்லாம் நடுவுல எழுந்து போவீங்களே, குழாயை மூடணும்னு. பயந்துக்கிட்டா?"

"பயம்தான். பயம் மட்டும்னு சொல்ல முடியாது. அந்த இடத்துல ஒரு தப்பு இருக்கு. எனக்குக் கேட்கச் சகிக்காது."

"என்ன தப்பு?"

"பஸ் போயிடும். கிளம்பு."

தலையைத் துவட்டிக்கொண்டே மகன் வந்தான். "என்ன, ரெண்டு பேரும் இவ்வளவு அமைதியா இருக்கீங்க? சண்டைன்னா சத்தமா போடுங்க. எனக்கும் கொஞ்சம் மனசு லேசாகும்."

"கண்டக்டருக்குப் பசிக்குதாம், தட்டு வைம்மா" என்றார் மாமியார்.

"டிக்கெட் கொடுக்கத் தெரியாத கண்டக்டர்" என்று மருமகள் வழக்கம்போல் சொன்னாள். இந்த வீட்டில் எட்டு ஆண்டுகளாகச் சொல்லப்படும் வேடிக்கை இது. இன்று அதற்கு மூவரும் சிரித்தார்கள், ஒருவரும் சாப்பிடவில்லை.

இசையரங்கத்தின் கீழ்த்தளத்தில் நீண்ட நடைவழி ஒன்று உண்டு. அதன் சுவரில் இசை படைத்தவர்களின் படங்கள் முப்பத்திரண்டு மாட்டப்பட்டிருக்கின்றன. முப்பத்திரண்டு பேரும் ஆண்கள். ஐவர் தம் நாய்களோடு இருக்கிறார்கள், ஒருவர் குதிரையோடு. பெண்ணே இல்லை என்று சொல்லிவிட இயலாது. பத்தொன்பதாம் படத்தில், மேதையின் நாற்காலிக்குப் பின்னால், கையில் விளக்கோடு ஒருத்தி நிற்கிறாள். அவள் யார் என்பதைப் படத்தின் கீழுள்ள குறிப்பு சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்து நாயின் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது.

நடைவழியின் இடக்கோடியில் நூலகம். அந்தப் பக்கம் வேறு அறை கிடையாது.

வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் உரிய தனிப்பிரதிகளைச் சரிபார்ப்பது, பழைய பென்சில் குறிகளை அழிப்பது, கிழிந்த ஓரங்களை ஒட்டுவது, எல்லாவற்றையும் வேளைக்கு மேடைக்கு அனுப்புவது: இவை மருமகளின் வேலை. எல்லா வாத்தியங்களும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்ட முழுப்பிரதி நடத்துநருக்கு உரியது. அது கறுப்பு அட்டை உறையில் போகும். குழுவில் அவளுக்குப் 'பிரதிக்காரம்மா' என்று பெயர்.

மற்ற பிரதிகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பையிலிருந்து அந்தப் பக்கங்களை எடுத்தாள். முதல் பக்கத்தை மட்டும் பிரித்து, சன்னல் வெளிச்சத்தில், மேசைமேல் வைத்தாள். இடப்பக்க மூலையில் மாமியாரின் பெயர், திருமணத்துக்கு முந்தைய தலைப்பெழுத்தோடு இருந்தது. அதன் கீழே தேதி. தேதியின்மேல், மாமியார் அன்று பாட்டு டீச்சராக இருந்த பள்ளியின் ஊதா நிற முத்திரை. பெரியவர் பரிசு பெற்ற நாளுக்குப் பதினான்கு மாதம் முந்தைய தேதி அது.

நடத்துநரின் கறுப்பு உறையைத் திறந்து, அதிலிருந்த அச்சுப் பிரதியை அருகில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டாள். முதல் பக்கம் வரிக்கு வரி, ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஒன்றாகவே இருந்தது.

அப்போது நடைவழியில் அந்தச் சத்தம் கேட்டது.

டொக்... டொக்...

பெரியவரின் கைத்தடிக்கு அடியில் இரும்புப் பூண் உண்டு. அந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சத்தத்துக்கு எழுந்து நின்று பழகியவர்கள்.

அவள் மேசையிலிருந்த மையொற்றும் அட்டையை இழுத்து முதல் பக்கத்தின்மேல் போட்டாள். மீதிப் பக்கங்களை வாரி, எது திறந்திருந்ததோ அதற்குள் செருகினாள். திறந்திருந்தது கறுப்பு உறை. அதை மூடியபோது கதவு திறந்தது.

"என்னம்மா, மூச்சு வாங்குது?"

"ஏணியில ஏறி இறங்கினேன் ஐயா." வீட்டில் அவர் மாமா, இங்கே ஐயா.

பெரியவர் ஏணியைப் பார்த்தார். அது மூலையில் தூசு படிந்து சாய்ந்திருந்தது. அவர் நாற்காலியில் அமர்ந்து, கையைக் கறுப்பு உறையின்மேல் வைத்துக்கொண்டார்.

"அந்த நூற்றுப் பன்னிரண்டாம் கட்டம் இருக்கில்ல, அதைப் பெரிசாக்கித் திரை செய்யச் சொல்லியிருக்கேன். மேடை உயரத்துக்கு. வேற ஒண்ணும் வேண்டாம், என் ஒத்தை ஸ்வரம் மட்டும் நிக்கட்டும்."

இசைத்தாளில் ஒரு தாளச்சுற்று அடங்கும் இடம் ஒரு கட்டம். அந்த ஸ்வரத்தை அறியாதவர் இசையுலகில் இல்லை. படைப்பின் நடுவில், எல்லா வாத்தியங்களும் உச்சத்துக்கு ஏறிச் சட்டென்று நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் கிளாரினெட் மட்டும் ஒரே ஒரு குட்டி ஸ்வரத்தை ஒலிக்கும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 'தனிமையின் குரல்' என்று ஒரு விமரிசகர் எழுதினார். இன்னொருவர் அந்த ஒற்றை ஸ்வரத்தைப் பற்றி நூற்றெண்பது பக்கத்துக்கு ஆய்வேடு எழுதிப் பட்டமும் பெற்றார். அந்த ஸ்வரம் பிறந்த கதையைப் பெரியவரே ஆறு பேட்டிகளில் ஆறு விதமாகச் சொல்லியிருக்கிறார்.

"உங்க அத்தை எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க ஐயா."

"வீட்டுல பழைய காகிதம் ஏதாவது கிடந்தா கொண்டா. விழா மலருக்கு ஆகும். சின்ன வயசுல அவளும் ஏதோ கிறுக்கிக்கிட்டிருப்பா."

"அப்படி ஒண்ணும் இல்லைங்க ஐயா."

"தேடிப் பார்த்தியா?"

"நேத்துக்கூடப் பொத்தான் தேடும்போது..." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பொத்தானா?"

"சட்டைப் பொத்தான் ஐயா. ஒண்ணும் கிடைக்கல."

பெரியவரின் விரல்கள் உறையின்மேல் மெதுவாகத் தாளம் போட்டன. அடியில் இருப்பது அந்த விரல்களுக்குத் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

மேடை மேற்பார்வைக்கார அம்மாள் தடதடவென்று உள்ளே வந்தார். "பிரதிக்காரம்மா, மணி பதினொண்ணு! நடத்துநர் பிரதி எங்கே? இதுவா? ஐயா, கையைக் கொஞ்சம்... மன்னிக்கணும்." பெரியவரின் கைக்கு அடியிலிருந்தே உறையை உருவிக்கொண்டு, வந்த வேகத்தில் போய்விட்டார்.

மருமகள் வாயைத் திறந்தாள். 'அதைக் கொடுங்க' என்று எப்படிக் கேட்பது? எதற்கு என்றல்லவா பெரியவர் கேட்பார்?

"வாம்மா, நீயும் வந்து கேளு" என்று அவர் எழுந்தார். "என் மாப்பிள்ளை எப்படி நடத்துறான்னு பார்ப்போம்."

ஓடிப்போய் உறையைப் பிடுங்கவேண்டியவள், கைத்தடியின் வேகத்துக்கு ஏற்ப அவர் பக்கத்தில் நடக்கவேண்டியதாயிற்று. முப்பத்திரண்டு படங்களையும் ஒவ்வொன்றாகக் கடந்தார்கள். பாதி வழியில்தான் தன் கையில் நூலகச் சாவி இருப்பதையும், கதவைப் பூட்டாமல் வந்ததையும் அவள் உணர்ந்தாள்.

வீட்டில் மாமியார் பத்து மணிக்கே தையல் இயந்திரத்தின் அடித்தட்டைத் திறந்து பார்த்துவிட்டார். கிழிசல்கள் மட்டுமே இருந்தன. தட்டை மூடி, மறுபடி திறந்து பார்த்தார். பிறகு புடைவையைக்கூட மாற்றாமல், வாசற்கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு ஓட்டமும் நடையுமாகச் சென்றார். இசையரங்கத்துக்குள் அவர் காலடி வைத்துப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.

அவர் அரங்கின் கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்தபோது வாத்தியங்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தன. மேடையில் மகன் கறுப்பு உறையைத் திறந்தான்.

திறந்தவன் அசையவில்லை.

மேடையோரத் திரைக்குப் பக்கத்தில் நின்ற மருமகளுக்கு அவன் பிடரி தெரிந்தது. அது மெல்லச் சிவந்ததும் தெரிந்தது. சிறுவயதில் அவனுக்கு ஸ்வரம் எழுதக் கற்றுக்கொடுத்த கையெழுத்து அது. தன் அம்மாவின் எழுத்து அவனுக்குத் தெரியாமல் போகுமா? முதல் பக்கத்தைக் காணோம், இரண்டாம் பக்கத்திலிருந்துதான் இருக்கிறது என்பதையும் அவன் கண்டிருக்க வேண்டும்.

"என்ன மாப்ளே? நல்ல நேரம் பார்க்கிறியா?" மூன்றாம் வரிசையிலிருந்து பெரியவரின் குரல்.

வாத்தியக்காரர் சிலர் கடமைக்குச் சிரித்தார்கள்.

அடியில் அச்சுப் பிரதி இருந்தது. கையெழுத்துப் பக்கங்களை ஒதுக்கிவிட்டு அவன் அதை எடுத்திருக்கலாம். எடுத்தால் பெரியவர் கேட்பார். ஆகவே அவன் கையை உயர்த்தினான். முதல் பக்கத்தை நினைவிலிருந்தே நடத்தினான். இரண்டாம் பக்கத்திலிருந்து அம்மாவின் எழுத்தைப் பார்த்து நடத்தினான். பக்கம் திருப்பும்போதெல்லாம் அந்தத் தாள்கள் நொறுங்குவதுபோல் சலசலத்தன.

வாத்தியங்கள் உச்சத்துக்கு ஏறின. நின்றன. கிளாரினெட் தன் ஒற்றை ஸ்வரத்தை ஒலித்தது.

கடைசி வரிசையில் மாமியார் காதைப் பொத்திக்கொண்டார்.

மகன் கையை இறக்கிவிட்டான். வேண்டுமென்று இறக்கவில்லை, அது தானாகவே இறங்கிவிட்டது. குழு தட்டுத்தடுமாறி ஓய்ந்தது.

"ஏன் சார்? சரியாத்தானே வாசிச்சேன்?" என்றார் கிளாரினெட்காரர். இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு பெறப்போகும் பருத்த மனிதர்.

"சரிதான். ஆனா..." மகன் தாளைக் கண்ணருகே தூக்கினான். "இங்க அந்த ஸ்வரம் இல்லை. கட்டம் வெறுமையா இருக்கு. ஏதோ அழுக்கு மட்டும்..."

"இல்லையா?" பெரியவர் எழுந்துவிட்டார். "அந்த ஸ்வரம்தான்யா இந்தப் படைப்போட உயிரே! எங்க அப்பா போன அன்னைக்கு, வீடே அழுதுக்கிட்டிருக்கும்போது, என் காதுல தானா வந்து விழுந்தது அது. எந்த அச்சகத்துக்காரன் விட்டான் அதை?"

இது ஏழாவது விதம்.

அப்போதுதான் அது நடந்தது. நாற்பத்தொரு ஆண்டுகளாக வாயைத் திறக்காத ஒருவர், முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு எழுந்தார். எல்லாவற்றையும் அவர் பொறுத்திருந்தார். பேர் போனதைப் பொறுத்தார், பட்டம் போனதைப் பொறுத்தார். அந்தத் தவற்றுக்கு ஒரு விளக்கமும் சொல்லப்படுவதை மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அது ஸ்வரம் இல்லை அண்ணா" என்றார். "பூச்சி."

நாற்பது தலைகள் திரும்பின.

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் கிளாரினெட்காரர்.

"சின்னப் பூச்சி. விளக்கைச் சுத்துமே, அது. எழுதிக்கிட்டிருக்கும்போது காகிதத்துல வந்து உட்கார்ந்துச்சு, விரலால அமுக்கிட்டேன். அப்படியே ஒட்டிக்கிச்சு. அந்தக் கட்டத்துல எல்லாரும் சும்மா இருக்கணும்."

மகன் தாளை வெளிச்சத்தில் சாய்த்தான். பழுப்பேறிய ஒரு பொட்டு. அதிலிருந்து மேல்நோக்கி மயிரிழைபோல் ஒரு கால். காலின் நுனியில் ஒட்டிக் காய்ந்த துளிச் சிறகு. வட்டத் தலையும் தண்டும் வாலும் கொண்ட குட்டி ஸ்வரம்போலவே அது இருந்தது. எது ஸ்வரம், எது பூச்சி என்று இயற்றியவருக்குத் தெரியும். பார்த்துப் படியெடுப்பவருக்குத்தான் தெரியாது.

"அப்போ இருபத்தேழு வருஷமா நான் பூச்சியைத்தான் ஊதிக்கிட்டிருக்கேனா?" என்றார் கிளாரினெட்காரர்.

வயலின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். சிரிப்பு இரண்டு வரிசை பரவியது. பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிற்று.

அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "என் தங்கச்சி. வயசாயிடுச்சு, பாவம், எதையோ எதோடயோ கலந்துடுறா. பத்து நிமிஷம் எல்லாரும் டீ குடிங்க."

ஒருவரும் எழுந்து போகவில்லை. டொக், டொக் என்று படியேறி மேடைக்கு வந்தார். மாமியாரும் நடுப்பாதை வழியாக மேடையருகே வந்திருந்தார். எதற்காக வந்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பெரியவர் தாழ்ந்த குரலில் பேசினார். அருகில் இருந்த குடும்பத்து மூவருக்கு மட்டுமே அது கேட்டது.

"எரிச்சுட்டேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"நாற்பத்தொரு வருஷம், என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னே."

"முதல் கச்சேரி முடிஞ்ச அன்னைக்கே அந்தத் தப்பைச் சொல்லத்தான் வந்தேன் அண்ணா. பத்திரிகைக்காரங்க உங்களைச் சுத்தி நின்னு அதைப் பத்தியே கேட்டுக்கிட்டிருந்தாங்க. நீங்களும் பதில் சொல்லிக்கிட்டிருந்தீங்க."

பெரியவர் மகனிடம் கையை நீட்டினார். "குடு."

மருமகள் தலையை அசைத்தாள்: வேண்டாம். மகன் அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவன் கை அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே வளர்ந்த கை. அச்சுப் பிரதியை மட்டும் மேடைத்தாங்கியில் விட்டு, கையெழுத்துப் பக்கங்களை உறையோடு கொடுத்துவிட்டான்.

"நல்ல பிள்ளை. அச்சுல இருக்கிறபடி நடத்து. நூற்றுப் பன்னிரண்டுல என் ஸ்வரம் கேக்கணும். நான் கதவுக்கு வெளியே நின்னு கேப்பேன்." சட்டைப்பையிலிருந்து சாவியொன்றை எடுத்து, தங்கையின் முகத்தைப் பார்த்தபடி, மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார். "மாடியறையை நாளைக்குத் திறக்கணும். கீழ் அறைங்களையும் ஒரு தடவை பார்த்துடுவோம்."

கைத்தடிச் சத்தம் பக்கக் கதவைத் தாண்டி நடைவழியில் போய் நின்றது. கதவை அவர் மூடவில்லை.

"ஏன்டா குடுத்தே?" என்று மாமியார் கேட்கவில்லை. "பரவாயில்லை. நீ நடத்து. அவர் சொல்றபடியே நடத்து கண்ணா. நமக்கு வீடு வேணும்" என்றார்.

மகன் அச்சுப் பிரதியின் பக்கத்தைத் தேடினான். பிறகு குனிந்து, மேடைக்குக் கீழே நின்ற தன் தாயிடம், எந்த நடத்துநரும் எந்தப் படைப்பாளரிடமும் கேட்பதைக் கேட்டான்.

"அம்மா, அந்த இடத்துல என்ன வரணும்?"

இதை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஒண்ணும் வரக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மூச்சு." சற்று யோசித்தார். பயந்த கண்களுக்குள் வேறொருத்தி எட்டிப் பார்த்தாள். "ஒண்ணரை இருந்தா நல்லது. வயலின்காரங்க வில்லை இறக்கக் கூடாது. தூக்கினபடியே இருக்கணும்."

முதல் வரிசை வயலின்காரி பென்சிலை எடுத்துத் தன் பிரதியில் எதையோ குறித்துக்கொண்டாள். மருமகள் அதைப் பார்த்தாள். எத்தனையோ ஆண்டுகளாகப் பென்சில் குறிகளை அழித்து வந்தவள், இதை இனி அழிக்கப்போவதில்லை.

"நூறாம் கட்டத்திலேருந்து" என்றான் மகன்.

அவன் கை நடுங்கியது, எல்லோரும் கண்டார்கள். நூற்றைந்து, நூற்றெட்டு. வாத்தியங்கள் ஏறின. கிளாரினெட்காரர் கருவியை உதட்டில் வைத்துக்கொண்டு, பெரியவர் நிற்கும் கதவை ஒருமுறையும் நடத்துநரை ஒருமுறையும் பார்த்தார். நூற்றுப் பத்து. நூற்றுப் பதினொன்று.

மகனின் இடக்கை உயர்ந்து, கிளாரினெட்டை நோக்கி விரிந்தது: வேண்டாம்.

நிசப்தம்.

உயர்ந்த விற்கள் உயர்ந்தபடியே நின்றன. நாற்பது பேர் மூச்சு விடவில்லை. மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதிய அந்த வெறுமையை, பூச்சி இல்லாமல், முதன்முதலாகக் கேட்டார்.

அந்த நிசப்தத்தில்தான் நடைவழிச் சத்தம் அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. காய்ந்த தாள்கள் வேகமாகப் புரளும் சத்தம். மறுபடி முதலிலிருந்து ஒருமுறை. எதையோ தேடுகிறார். காணவில்லை.

மருமகளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பெயரும் தேதியும் முத்திரையும் உள்ள முதல் பக்கம் அவள் மேசையில், மையொற்றும் அட்டைக்கு அடியில் இருக்கிறது. நூலகக் கதவு பூட்டப்படவில்லை.

டொக்.

சத்தம் அரங்கத்தின் பக்கம் வரவில்லை. வெளிவாசல் இருக்கும் வலப்பக்கமும் போகவில்லை.

டொக்... டொக்...

மகனின் கை இறங்கியது. நூற்றுப் பதின்மூன்றாம் கட்டத்தில் வயலின்கள் மெல்ல எழுந்தன. கையிலிருந்த சாவி உள்ளங்கையில் அழுந்த, மருமகள் பக்கக் கதவை நோக்கி ஓடினாள்.